தண்ணீர் ஊற்றியது யார்?

வாடிய செடியைக் கண்டதும் உங்கள் கை தானாகக் குவளையைத் தேடுகிறதா? வெட்கப்படாதீர்கள். இந்த வேலையிலேயே தலை நரைத்த எனக்கும் ஓய்வு பெறும்வரை அந்த அரிப்பு போகவில்லை. நான் மருங்காபுரிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் அதிகமாகிச் செத்தது என்று யாராவது சொல்லியிருந்தால், ‘கொழுப்பைப் பாரு’ என்றிருப்பார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவளுக்குத் தொட்டிச் செடிகளுக்கு நோய் பார்க்கும் வேலை கிடைத்தது. தொட்டியில் சாகிற செடிகளில் பெரும்பாலானவை தண்ணீரால்தான் சாகின்றன.

பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்தப் பூஞ்சைக்கு எந்த நிறம் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கைப்பேசியிலும் இருக்கிறதாம், இலையைப் படம் பிடித்துக் காட்டினால் நோயின் பெயரையே சொல்லிவிடுகிறதாம். நல்லது, சொல்லட்டும். நான் எழுத உட்கார்ந்தது இலையைப் பற்றி அல்ல, அந்த இலையைச் சுற்றி நிற்கிற மனிதர்களைப் பற்றி.

தொட்டியத்தில் ஒரு வாழைத் தோப்புக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். வாடல் நோய் வந்த மரத்தை வெட்டச் சொல்லிவிடலாம். விவசாயி தலையைச் சொறிந்துகொண்டு வெட்டிவிடுவார், சுற்றிலும் தோப்பு நிற்கும். தொட்டியில் இருப்பதோ ஒன்றே ஒன்று. அதற்குச் செல்லப் பெயர்கூட வைத்திருப்பார்கள். அது வாடிவிட்டால் வீட்டில் இருக்கிற எல்லோரும் அதைச் சுற்றி நின்றுகொண்டு நம் வாயையே பார்ப்பார்கள். நாம் நோயின் பெயரைச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்போம். அவர்கள் தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள்.

இந்தத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஒரு காலத்தில் ரொம்பப் பெருமை இருந்தது. திருவெறும்பூரில் ஒரு அதிகாரி மொட்டை மாடி நிறைய அடினியம் என்கிற பாலைவனப் பூச்செடி வளர்த்தார். ஒவ்வொன்றாக அடி அழுகிச் சாய்ந்தது. “வாரத்துக்கு ஒரு தடவைதான் மேடம் தண்ணி விடறேன்” என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவருக்குப் பின்னால் ரப்பர் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “சார், தொட்டி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யாரை நம்புறது?” என்றேன். அசடு வழியச் சிரித்தார். “காலைல வாக்கிங் முடிச்சுட்டு வந்து, சும்மா லேசா…” என்று இழுத்தார். அன்றைக்கு நான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன்: ஈரம் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்லுவார். பல வருஷம் இது பலித்தது. பலித்ததால்தான் அதை நான் சந்தேகப்படவே இல்லை.

இனி மைதிலியின் மேப்பிள் மரத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், ஆடிக் காற்று அடங்கிய சமயம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “மேடம், என்கிட்ட ஜப்பான் மேப்பிள் ஒண்ணு இருக்கு, தொட்டில. நேத்திக்கு நன்னா இருந்தது. கார்த்தால பாத்தா ஒரு பக்கம் அப்படியே தொங்கறது. கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?” என்றாள்.

ஜப்பான் மேப்பிள் குளிர்நாட்டு மரம். கை விரித்தது போன்ற சின்ன இலை, பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும். மலைப் பிரதேசத்து நர்சரிகளில் கிடைக்கும். திருச்சி வெயிலில் நாமே சிவந்து சுருண்டுபோகிறோம், இவளுக்கு எதற்கு இந்த வம்பு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். போய்ப் பார்த்தால், வம்பு இல்லை, தவம். வடக்குப் பார்த்த பால்கனி, நிழல்வலை, வேருக்குச் சூடு ஏறாமல் தொட்டியைச் சுற்றிச் சாக்கு. கோடையில் பகலெல்லாம் மரத்தைத் தன் அறைக்குள் கொண்டுபோய் ஏசி போட்டு வைத்தாளாம். இடுப்பு உயரம்தான் இருக்கும். இரண்டு கோடையைத் தாண்டிவிட்டிருந்தது.

மைதிலியின் கணவர் ஜப்பானில் வேலை பார்க்கிறார். அவளும் அங்கேதான் இருந்திருக்கிறாள். மாமியார் காலமானதும் மாமனாரைத் தனியாக விட முடியவில்லை, அவரை அந்தக் குளிருக்குக் கூட்டிப்போகவும் முடியவில்லை. இவள் மட்டும் திரும்பி வந்துவிட்டாள். அங்கே அவர்கள் குடியிருந்த வீட்டு ஜன்னலை ஒட்டி இதே ஜாதி மரம் ஒன்று இருந்ததாம். தினமும் கணவரோடு வீடியோவில் பேசும்போது கைப்பேசியை இந்த மரத்தின் பக்கம் திருப்பிக் காட்டுவாளாம். “எனக்குன்னு கேட்டு வாங்கிண்டது இது ஒண்ணுதான் மேடம்” என்றாள். அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்பது போல் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். திருமண் இட்டு, வேட்டி கட்டி, முதுகு வளையாத மனிதர். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை வீதியில் இருந்த பழைய வீட்டைப் பாகம் பிரித்து விற்றுவிட்டு, அந்தக் கோடை முடிவில்தான் இந்த ஃப்ளாட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் மரத்தைப் பார்ப்பதை எழுந்து வந்து கவனமாகப் பார்த்தார்.

ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் வாடியிருந்தன. அந்த அறிகுறியைக் கண்டால் நம் புத்தி நேராக ஒரு பூஞ்சைக்குத்தான் போகும். மண்ணிலிருந்து ஏறி, மரத்துக்குள் தண்ணீர் போகிற பாதையை அடைக்கிற பூஞ்சை. ஒரு குச்சியை வெட்டிப் பார்த்தேன், உள்ளே லேசாகப் பழுப்பு ஓடியிருந்தது. பூஞ்சைதான், நர்சரி மண்ணிலேயே இருந்திருக்கும் என்று சொல்லி, சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் தண்ணீர் நின்றது. மண்ணும் நல்ல ஈரம். குனிந்தபோது பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் கலந்த வாசனை வந்தது. ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டில்தான் வராது, பூஜை அறையிலிருந்து வருகிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “தண்ணி யாரு ஊத்துறாங்க?”

“நான் மட்டும்தான் மேடம்.”

“வேற யாரும்?”

“வேற யாரு இருக்கா? அப்பாவும் நானும்தான். அப்பா இதுக்குத் தண்ணி விட்டதே இல்லை.” மாமனாரைத்தான் அப்பா என்றாள்.

பெரியவரும் தலையாட்டினார். “ஆமாம்மா. தண்ணி ஊத்தறது, எரு போடறது எல்லாம் அவ டிபார்ட்மெண்ட். நான் அதுல தலையிடறதில்லை” என்றார்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தட்டை எடுத்துவிடச் சொன்னேன். மறுபடி நான் சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதீர்கள், விரலை வைத்துப் பார்த்தால் மண் வறண்டிருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் அவளிடமிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. மறுபக்கத்துக் கிளையும் தொங்கிவிட்டது. இலைகள் உதிராமல் மரத்திலேயே காய்ந்து நின்றன. “மண்ணு காயவே மாட்டேங்கறது மேடம்” என்று எழுதினாள். வேர் செத்துப்போனால் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் ஈரம் அப்படியே நிற்கும். இதை நீங்களும் படித்திருப்பீர்கள். நானும் அதையே பதிலாக அனுப்பினேன். ஆனால் மனதுக்குள் அடினியம் அதிகாரியின் ரப்பர் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. வாடுகிறதே என்று மனசு கேட்காமல் இந்தப் பெண் திருட்டுத்தனமாக ஊற்றுகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். ஆய்வக முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. மண்ணில் விரலை வைத்தேன், சேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் என் கூடப்பிறந்தது, உங்களுக்குத் தெரியாவிட்டால் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

“மைதிலி, ரெண்டு வாரமாத் தண்ணி விடலைன்னு சொல்றீங்க. இது நேத்து ஊத்தின தண்ணியில்ல, இன்னிக்கு ஊத்தினது. மரத்த நெனச்சு மனசு கேக்காம ஊத்தியிருந்தா, ஊத்துனேன்னு சொல்லிடுங்க. என்கிட்டயே பொய் சொன்னா நான் என்ன வைத்தியம் பாக்குறது?”

அவள் முகம் சுருங்கிப்போனது. “நான் ஊத்தலை மேடம்” என்றாள். “பெருமாள் சத்தியமா ஊத்தலை.”

“அப்ப தானா வந்துச்சா?”

அவள் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் பெரியவர் பால்கனி வாசலுக்கு வந்தார். மருமகளை ஒரு வெளியாள் பொய்க்காரி என்கிறாள். அந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை.

“அவ பொய் சொல்றவ இல்லைம்மா” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “நீங்க சொன்னதுலேர்ந்து ஒரு சொட்டு விடலை அவ. அதுக்கு நான் சாட்சி. தினம் கார்த்தால நான் இங்கே வந்து பாக்கறேனே.”

“தினமும் வர்றீங்களா சார்? எதுக்கு?”

“திருவாராதனம் முடிஞ்சு தீர்த்தம் சேர்க்க.”

சொல்லி முடித்த பிறகும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் மைதிலிக்கும்தான் புரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

அந்த வழக்கத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் தினமும் விடியற்காலையில் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்து பூஜிப்பவர். பெருமாள் நீராடிய தீர்த்தத்தை உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் மொண்டு கொடுக்க, உள்ளங்கையில் வாங்கி அருந்துவார்கள். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். யார் காலும் படாத இடத்தில் சேர்க்க வேண்டும். பழைய வீட்டில் கொல்லை இருந்தது, பவழமல்லி மரத்தடியில் சேர்த்துவிடுவார். ஃப்ளாட்டில் எங்கே போவது? கீழே இறங்கினால் சிமெண்ட் தளம், கார் நிற்கிறது. துளசித் தொட்டி சின்னது, வழிந்து தரையில் ஓடிக் கால் படும். அந்த வீட்டில் கால் படாத மண் என்று இருந்தது மேப்பிள் தொட்டியில் மட்டும்தான். மைதிலிக்கு வீட்டிலிருந்தே ஜப்பான் நேரத்துக்கு வேலை. இவர் திருவாராதனம் செய்கிற நேரத்தில் அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அறைக்குள் கூட்டத்தில் இருப்பாள்.

நான் கேட்டது தண்ணீர் ஊற்றியது யார் என்று. அவர் தண்ணீரும் ஊற்றவில்லை, ஊற்றவும் இல்லை. தீர்த்தம் சேர்த்தார். அவருடைய பாஷையில் இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது, ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

“அதுல என்னெல்லாம் இருக்கும் சார்?” என்று கேட்டேன்.

“ஜலந்தான். கொஞ்சம் பால் உண்டு. ஏலம், பச்சைக் கற்பூரம், துளசி. விசேஷ நாள்ல இளநீரும் தேனும் சேரும்.”

“எவ்வளவு வரும்?”

“முன்னல்லாம் அரைச் சொம்பு. இது வாட ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு சொம்பா பண்றேன்.” மரத்தைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு அழுதுண்டிருந்தது. பெருமாள் தீர்த்தம் பட்டா பொழைச்சுக்கும்னு நெனச்சேன். என்னால வேற என்ன பண்ண முடியும்?”

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். படிப்பு முடிந்து இந்த வேலைக்கு வருகிறவர்கள் நோயைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறீர்கள். கண்டுபிடித்த பிறகு, அதை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது.

மைதிலி முந்திக்கொண்டாள். “மேடம், அன்னிக்கே பூஞ்சைன்னு சொன்னேளே. நர்சரி மண்ணுலேயே இருந்திருக்கும்னு சொன்னேளே” என்றாள். அவள் கண் என்னைக் கெஞ்சியது. சற்று முன்பு நான் பொய்க்காரி என்று திட்டிய பெண், இப்போது ஒரு பொய் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய மரம் அது. அவள் கேட்டு வாங்கிய ஒரே பொருள். அதைக் கொன்ற கை எது என்று தெரிந்த மறுகணம் அந்தக் கையைக் காப்பாற்றத்தான் அவளுக்குத் தோன்றியது.

ஆய்வக முடிவு வரவில்லை. ‘பூஞ்சையாத்தான் இருக்கும்’ என்று நான் சொல்லியிருந்தால் முழுப் பொய்யாகவும் ஆகாது. ஆனால் அப்படிச் சொன்னால் மறுநாள் விடியற்காலையில் இன்னும் இரண்டு சொம்பு இறங்கும். வேரில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் அதுவும் போகும். ‘தீர்த்தத்தை மட்டும் கொஞ்ச நாள் வேற எங்கயாவது விடுங்க சார்’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இன்றைக்கு எனக்கும் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்ற அவரும் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பெரியவர் புரிந்துகொண்டுவிட்டார். எத்தனையோ பேர் முகத்தில் மறைப்பதைப் படித்த சோதனைக்காரர் அல்லவா.

“மைதிலி, நீ சித்த இரு” என்றார். என் பக்கம் திரும்பினார். “நான் வேலை பாத்தது வெல்டிங் சோதனைல. பாய்லர்ல விரிசல் விட்டா யார் பத்த வெச்ச வெல்டுன்னு எழுதித்தான் ஆகணும். ஆப்த சிநேகிதன் வேலையா இருந்தாலும் எழுதியிருக்கேன். நீங்க பாத்ததைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். “தீர்த்தத்துல ஒரு குறையும் இல்ல சார். தரையில சேர்த்திருந்தா பூமி வாங்கியிருக்கும். இது தொட்டி, அவ்வளவும் வடிய வழி இல்ல. தினமும் ஈரம், அதுல பாலு. வேர் மூச்சு விட முடியாம அழுகிடுச்சு.”

“வேற காரணத்துக்கு வாய்ப்பு?”

“இருக்கு, கொஞ்சம். ஆனா இது மட்டும் இல்லாம இருந்தா மரம் தாக்குப் பிடிச்சிருக்கும்.”

“சரி” என்றார். “இப்போ பண்ண வேண்டியது என்ன?”

தொட்டியிலிருந்து மரத்தைக் கழற்றினோம். வேர்க்கட்டு வெளியே வந்ததும் அழுகல் நாற்றத்தையும் மீறிப் பச்சைக் கற்பூரம் மணத்தது. மண்ணுக்குள் துளசி இலைகள் கறுத்து ஒட்டிக்கிடந்தன. வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. வெள்ளையாக இருந்தவை சிலவே. அழுகியதை வெட்டி எறிந்து, ஆற்று மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து மறுபடி நட்டோம். நட்டு முடிக்கும்வரை பெரியவர்தான் அடிமரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எந்த ஈரத்தில் வேர் அழுகத் தொடங்கும், முதல் அறிகுறி எது, எப்போதே கண்டுபிடித்திருக்கலாம் என்றெல்லாம் கேட்டார். ஒரு சக ஊழியரோடு பேசுவது போல் நானும் விவரமாகச் சொன்னேன். அவர் தவறை இத்தனை பக்குவமாக எடுத்துக்கொண்டாரே என்று நான் அசந்துபோனேன். மறுநாள் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது அதைப் பெருமையாகச் சொன்னேன். மனிதர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றேன். நான் எவ்வளவு பெரிய மண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆய்வக முடிவு வந்தது. நான் சந்தேகப்பட்ட பூஞ்சை இல்லை. நீர் தேங்கினால் வருகிற வேரழுகல்தான். மேப்பிள் ஒரு மாதம் போல இழுத்துக்கொண்டு கிடந்தது. அடியில் ஒரு மொட்டு பச்சையாகத் தலை காட்டுகிறது என்று மைதிலி படம் அனுப்பினாள். அடை மழை தொடங்கியபோது அதுவும் கறுத்துவிட்டது. மரத்தைத் தூக்கி எறிய மனமில்லாமல் கார்த்திகை வரைக்கும் வைத்திருந்தாளாம்.

நியாயமாக இந்தக் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். நம் குறிப்புகளில் அங்கேதான் முடிந்தது.

தை பிறந்த பிறகு அவள் எங்கள் அலுவலகத்துக்கே வந்தாள். “தினம் ஜலம், பால், கற்பூரம் எல்லாம் விட்டாலும் சாகாத செடி ஏதாவது இருக்கா மேடம்?” என்று கேட்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கல்வாழையைச் சொன்னேன், சேற்றிலும் நிற்கும், கொடுத்ததையெல்லாம் குடிக்கும். பெரிய தொட்டியாக வாங்கி, நல்ல கிழங்காகப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்தேன். அது கொஞ்சம் நன்றாக வந்ததும் கூப்பிடுகிறேன், வந்து பாருங்கள் என்றாள்.

இரண்டு மூன்று மாதம் போயிற்று, அலுவலகத்தில் எனக்குக் கடைசி மாதம். ஸ்ரீரங்கத்தில் வேறு வேலையாகப் போனவள், ஒரு ஞாயிறு காலையில் அப்படியே அவர்கள் வீட்டுக்கும் ஏறினேன். மேப்பிள் இருந்த இடத்தில் கல்வாழை தளதளவென்று நின்றது. சிவப்பாகப் பூவும் விட்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். சாதாரண ஈரம்தான்.

“தீர்த்தம் சேர்க்கிறாரா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

மைதிலி தலையை ஆட்டினாள். “இல்லை மேடம். இதுக்காகவே வாங்கினதுன்னு சொல்லிட்டேன். ஆயிரம் தடவை சொல்லிட்டேன். கிட்டயே வரமாட்டேங்கறார். இப்போல்லாம் ஒரு உத்தரணி ஜலத்துலதான் திருமஞ்சனம். மிச்சமே வராம பாத்துக்கறார்.” காய்ந்த இதழ் ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். “மரம் போனது எனக்குக் கஷ்டம்தான். ஆனா அதைத் தாங்கிண்டேன். அப்பா இப்போ எதைத் தொடறதுக்கும் என்னைக் கேக்கறார் மேடம். ஃபேன் போடலாமா, ஜன்னலைத் திறக்கலாமான்னு. அவரோட ஆத்துல அவரே கேக்கறார். அதைத்தான் தாங்க முடியலை.”

அன்றைக்கு அவர் கேட்ட அத்தனை கேள்விகளையும் நான் அறிவுத் தாகம் என்று நினைத்தேனே. அந்த மனிதர் தன்மேல் தானே குற்றப் பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தார். வரிக்கு வரி விவரம் எடுத்துக் கொடுத்தது நான். அவர் தனியாக இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும். அவர் எதிரில் அந்தப் பெண்ணைத் திட்டியிருக்கக் கூடாது. திட்டியதால்தான் அவர் சாட்சி சொல்ல வந்தார், வந்ததால்தான் மாட்டிக்கொண்டார். நோயைச் சரியாகச் சொன்னேன் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அதனால் ஒரு ஆறுதலும் இல்லை.

நீங்களும் நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போவீர்கள். யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள். இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் யார் யார், எப்போது, எதற்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். தைரியமாக உண்மையைக் கேட்கிற ஆள் அதைத் தாங்குவார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

விடைபெற எழுந்தபோது பெரியவர் பூஜை அறையிலிருந்து வந்தார். கையில் சின்ன வட்டிலும் உத்தரணியும். திருவாராதனம் அன்றைக்குத் தாமதமாகி அப்போதுதான் முடிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வழக்கமாகச் செய்வது போல் உத்தரணியில் தீர்த்தத்தை மொண்டு எடுத்தார். நானும் வலது கையைக் குவித்து நீட்டிவிட்டேன். அவர் கை பாதி வழியில் நின்றது. மருமகளின் பக்கம் திரும்பினார்.

“மைதிலி, இவாளுக்குக் குடுக்கலாமோ?” என்றார். “ஒத்துக்குமான்னு கேட்டுக்கோம்மா.”